பிடரியிலிருந்து ஏறும் தலைவலிக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம்தான் காரணமா?

"கழுத்து எலும்புத் தேய்மானத்தால் இவ்வளவு கடுமையான தலைவலி வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே நீங்கள் எழுதிய விவரங்களைப் படித்தால் அந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருப்பது தெரிகிறது. நான்கு வருடமாக வலது பிடரியில் தொடங்கி மண்டையைத் தாண்டி வலது கண்ணுக்குப் பின்னால் வந்து குடைகிற வலி. மோசமான நாட்களில் வாந்தி, இருட்டறையில் படுத்தால்தான் கொஞ்சம் ஆறுதல். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் சி5-சி6 எலும்புகளுக்கு (கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகள்) நடுவே டிஸ்க், அதாவது எலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற தட்டு, பிதுங்கியிருப்பதாக ஒரு வரி. ஒரு மருத்துவர் மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி) என்கிறார், இன்னொருவர் கழுத்துதான் என்கிறார். ஆக, கழுத்தால் தலையில் வலியை உண்டாக்க முடியுமா, உங்களுக்கு நடப்பது அதுதானா, அந்த டிஸ்க்கை அறுவை சிகிச்சை செய்துவிட்டால் தலைவலி போய்விடுமா என்பவைதான் உங்கள் கேள்விகள். முதலாவதற்கு உறுதியாக ஆம். மூன்றாவதற்கு, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் இல்லை. நடுவில் இருப்பதற்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பிசியோதெரபிஸ்ட். பல வருடங்களாகக் கழுத்து வலியோடும் தலைவலியோடும் வருபவர்களைத்தான் அதிகம் பார்த்துவருகிறேன். மருந்து எழுதுவது என் வேலை இல்லை, உங்களைத் தொட்டுப் பரிசோதிக்காமல் நோயின் பெயரை உறுதியாகச் சொல்லவும் முடியாது. எனவே இதைப் படித்துவிட்டு மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அவரைப் பார்ப்பதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் அவசரமானவற்றைச் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடப் பழைய வலி என்பதால் உங்களுக்கு இவை இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் வலியின் குணம் நாளைக்கே மாறலாம், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது தேவைப்படவும் செய்யலாம். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகிற, வாழ்க்கையில் அதுவரை கண்டிராத தலைவலி என்றால் மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்திருக்கலாம். காய்ச்சலோடு கழுத்து விறைத்து, முகவாயை நெஞ்சுக்குக் கொண்டுவர முடியவில்லை என்றால் மூளைக்காய்ச்சலை நினைக்க வேண்டும். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி ஆரம்பித்து, மெல்லும்போது தாடை வலித்து, தலை சீவினால் மண்டை நோகிறது என்றால் அது நெற்றிப்பொட்டு இரத்தக்குழாயின் அழற்சியாக இருக்கலாம்; தாமதித்தால் பார்வையே போகும். சட்டைப் பட்டன் போட விரல் ஒத்துழைக்கவில்லை, நடை தள்ளாடுகிறது, சிறுநீர் கட்டுப்பாட்டில் இல்லை என்றால் தண்டுவடம் நெருக்கப்படுகிறது என்று பொருள். இவை எதற்கும் பிசியோதெரபியில் நேரம் போக்கக் கூடாது.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சாதாரண கழுத்துப் பிடிப்பு போலவே நடிக்கும். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் தமனியின் உட்சுவரில் கிழிசல் விழுவது. சின்ன விபத்துக்குப் பிறகோ, கழுத்தை வெடுக்கென்று திருப்பிய பிறகோ, சில சமயம் காரணமே இல்லாமலோ வரும். ஆரம்பத்தில் ஒரு பக்கக் கழுத்து வலியும் தலைவலியும் மட்டும்தான் இருக்கும். இளவயதினருக்கும் நடுத்தர வயதினருக்கும் பக்கவாதம் வருவதற்கான முக்கியமான காரணங்களில் இது ஒன்று. "இந்த மாதிரி வலி எனக்கு இதுக்கு முன்னாடி வந்ததே இல்லை" என்று ஒருவர் சொன்னால், அதிலும் ஒரு கண்ணிமை தொங்கி அந்தக் கண்ணின் பாவை சுருங்கியிருந்தாலோ, காதுக்குள் நாடித்துடிப்பு போல ஓசை கேட்டாலோ, பேச்சு குழறினாலோ, தலை சுற்றி நடக்க முடியாமல் போனாலோ, நான் கழுத்தில் கைவைக்கவே மாட்டேன். நேராக மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவேன்.

சரி, கழுத்து எப்படித் தலையில் வலியை உண்டாக்குகிறது? கழுத்தின் மேல் மூன்று நரம்புகள் கொண்டுவரும் வலிச் செய்தியும், கண், நெற்றி, மூளையுறை ஆகியவற்றிலிருந்து ட்ரைஜெமினல் நரம்பு கொண்டுவரும் வலிச் செய்தியும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. மூளைத்தண்டின் அடியிலிருந்து கழுத்துத் தண்டுவடத்தின் மேற்பகுதிவரை இறங்கியிருக்கும் ஒரு நரம்புக்கரு, அதாவது நரம்புச் செல்களின் தொகுப்பு அது. அங்கே இருக்கும் ஒரே செல் இரண்டு பக்கத்துச் செய்தியையும் வாங்குவதால், வலி கழுத்து மூட்டில் பிறந்ததா கண்ணுக்குப் பின்னால் பிறந்ததா என்று மூளையால் பிரித்தறிய முடிவதில்லை. மாரடைப்பின்போது இடது கை வலிப்பதும் இதே வகைதான். இது வெறும் ஊகம் அல்ல. 1954-இல் வெளியான ஓர் ஆய்வில், தலைவலி இல்லாத ஆரோக்கியமானவர்களின் கழுத்துத் தசைகளில் அடர்ந்த உப்புநீரை ஊசிமூலம் செலுத்திப் பார்த்தார்கள். மேல் கழுத்தில் செலுத்தியபோது தலை வலித்தது. 1983-இல் நார்வே நாட்டு நரம்பியல் மருத்துவர் ஒட்டார் ஷோஸ்டாட் இத்தகைய தலைவலிக்கு 'செர்விகோஜெனிக்' என்று பெயர் வைத்தார். கழுத்தில் பிறக்கும் தலைவலி என்று அர்த்தம். சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டில் அதற்கு இன்று தனி இடம் உண்டு.

உங்கள் அறிக்கையோடு ஒட்டிப் பார்க்க வேண்டிய விஷயம் இங்கேதான் இருக்கிறது. நான் சொன்னது மேல் மூன்று நரம்புகளை. தலைக்கு வலியை அனுப்புவதில் கழுத்தின் மேல் மூன்று எலும்புகளுக்கு இடையிலுள்ள மூட்டுகளும், அவற்றைச் சுற்றிய தசைகளும் தசைநார்களும்தான் முன்னணியில் நிற்கின்றன. குறிப்பாக இரண்டாவது மூன்றாவது எலும்புகளுக்கு நடுவே பின்புறமாக இருக்கும் சிறிய மூட்டு. 1990-இல் வெளியான ஓர் ஆய்வில் வலியில்லாத சில தன்னார்வலர்களின் கழுத்து மூட்டுகளுக்குள் திரவத்தைச் செலுத்தி, ஒவ்வொரு மூட்டின் வலியும் எங்கே போகிறது என்று வரைந்து பார்த்தார்கள். அந்த இரண்டாம்-மூன்றாம் எலும்பு மூட்டின் வலி பின்மண்டைக்கு ஏறியது. சி5-சி6 மூட்டின் வலி தலைக்கு ஏறாமல் தோள்பட்டைப் பக்கம் இறங்கியது. கார் விபத்தில் கழுத்து வெடுக்கென்று இழுக்கப்பட்டு நாள்பட்ட வலியில் இருந்த 100 பேரை ஆராய்ந்த 1994-ஆம் ஆண்டு ஆய்வில், 27 பேருக்கு அந்த மேல் மூட்டுக்குப் போகும் நரம்பை மரக்கச் செய்ததும் தலைவலி அடங்கியது. ஆகவே உங்கள் தலைவலிக்குக் கழுத்தில் ஒரு காரணம் இருந்தாலும், அது அறிக்கையில் எழுதப்பட்ட இடத்தில் இல்லாமல் அதற்கு மேலே, ஸ்கேனில் ஒன்றுமே தெரியாத இடத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

நேர்மையாகச் சொன்னால், கீழ்க் கழுத்து டிஸ்க்குக்குத் தலைவலியோடு சம்பந்தமே கிடையாது என்று கதவை முழுக்கச் சாத்திவிடவும் முடியாது. கீழ்க் கழுத்து டிஸ்க் விலகலுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட 50 பேரைப் பற்றி 2007-இல் ஒரு ஜெர்மானிய ஆய்வு வந்தது. அவர்களில் சிலருக்கு இருந்த தலைவலி அறுவைக்குப் பிறகு குறைந்தது. ஆனால் அவர்கள் எல்லாரும் டிஸ்க்குக்காக அறுவை தேவைப்பட்டவர்கள். அறுவை சிகிச்சை செய்யாத ஒரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படவும் இல்லை. அதை வைத்துக்கொண்டு தலைவலிக்காக மட்டும் ஒருவரை அறுவை மேசையில் படுக்க வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஸ்கேன் அறிக்கை பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஒரு வரியைப் படித்துப் பயந்து, கழுத்தை அசைக்கவே அஞ்சுகிற பலரைப் பார்த்திருக்கிறேன். ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. வயது ஏற ஏறத் தோலில் சுருக்கம் விழுவது போல டிஸ்க்கும் வற்றும், பிதுங்கும். "தேய்மானம்" என்ற சொல்லைக் கேட்டதும் எலும்பு பொடிந்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். எக்ஸ்ரேயில் "கழுத்தின் இயல்பான வளைவு குறைந்துள்ளது" என்று எழுதியிருந்தாலும் அப்படியே. படமெடுக்கும்போது முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தியிருந்தாலே அது அப்படித் தெரியும். கட்டி, கிருமித் தொற்று, எலும்பு முறிவு, தண்டுவட நெருக்கம் இவற்றையெல்லாம் விலக்குவதற்கு ஸ்கேன் மிகவும் பயன்படும். தலைவலிக்குக் காரணம் கழுத்தா என்பதை அது தீர்மானிப்பதில்லை.

இப்போது மைக்ரேன் பக்கம் வருவோம். பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: மைக்ரேன் உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கழுத்து வலியும் இருக்கும். மைக்ரேனின் அடையாளம் என்று எல்லாரும் சொல்கிற குமட்டலைவிடக் கழுத்து வலிதான் அதிகம் காணப்படுகிறது என்று 2010-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. சிலருக்குத் தலைவலி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே பிடரி இறுக ஆரம்பித்துவிடும். அந்த இறுக்கம் மைக்ரேனைக் கிளப்பிய காரணமாகவும் இருக்கலாம், மைக்ரேன் ஏற்கெனவே தொடங்கிவிட்டதன் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். மேலே சொன்ன அதே நரம்புக்கருதான் இதற்கும் காரணம், வழி இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது. விலங்குகளில் மூளையுறையைத் தூண்டியபோது, பின்மண்டை நரம்பிலிருந்து செய்தி வாங்கும் செல்கள் வழக்கத்தைவிட அதிகமாகத் துடித்தன என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். அதாவது கோளாறு தலைக்குள் இருந்தாலும் பிடரியைத் தொட்டால் வலிக்கும். "கழுத்தை அமுக்கினால் வலிக்கிறது, எனவே கழுத்துதான் காரணம்" என்று முடிவுகட்டுவதில் உள்ள சிக்கல் இதுதான். நோயாளிகள் மட்டுமல்ல, என் தொழிலில் இருப்பவர்களும் இந்த இடத்தில் அடிக்கடி தடுக்கி விழுகிறார்கள்.

அப்படியானால் எதை வைத்துப் பிரிப்பது? நான் முதலில் கேட்பது, வலி எப்போதாவது பக்கம் மாறியிருக்கிறதா என்று. கழுத்தில் பிறக்கும் தலைவலி ஒரே பக்கத்தை விடாது பிடித்திருக்கும். மைக்ரேன் பலருக்கு இம்முறை வலது, அடுத்த முறை இடது என்று மாறும், ஆனால் சிலருக்கு மாறாமலும் இருக்கும். அடுத்து, கழுத்தை ஒரு குறிப்பிட்ட பக்கம் திருப்பினாலோ வெகுநேரம் ஒரே நிலையில் வைத்திருந்தாலோ அந்தத் தலைவலியே கிளம்புகிறதா? வெறும் கழுத்து வலி வருகிறதா என்று நான் கேட்கவில்லை. உங்களுக்குப் பழக்கமான அதே கண் குடைச்சல் வருகிறதா? கழுத்தின் அசைவு குறைந்திருக்கிறதா? கழுத்து மோசமாகும்போது தலைவலி மோசமாகி, கழுத்து தேறும்போது தலைவலியும் தேறுகிறதா? இவற்றுக்கு ஆம் என்றால் கழுத்தின் மீது சந்தேகம் வலுக்கும். மாறாக விண்விண்ணென்று தெறிப்பது, படியேறினால் அதிகமாவது, வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமல் போவது, வாந்தி, தூக்கம் கெட்டாலோ மாதவிடாயை ஒட்டியோ வருவது, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருப்பது, இவையெல்லாம் மைக்ரேனைக் காட்டுகின்றன. கழுத்துத் தலைவலியிலும் குமட்டல் வரலாம், பொதுவாக லேசாக வரும். வலி மின்சாரம் பாய்ந்த மாதிரி சுரீரென்று சில நொடிகள் வந்து போகிறது என்றால் பின்மண்டை நரம்புவலி என்ற மூன்றாவது ஒன்றையும் யோசிக்க வேண்டும். உங்கள் விவரணையில் அது இல்லை.

கையால் செய்யும் ஒரு பரிசோதனை எனக்கு மிகவும் உதவுகிறது. மல்லாக்கப் படுக்கவைத்து, முகவாய் நெஞ்சை நோக்கி வரும்படி கழுத்தை முழுக்க மடக்கி, அந்த நிலையிலேயே தலையை இருபுறமும் திருப்பிப் பார்ப்பது. கீழ்க் கழுத்து மடங்கிப் பூட்டிக்கொள்வதால், முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே எவ்வளவு திரும்புகிறது என்பது மட்டும் தெரியும். கழுத்தின் மொத்தத் திருப்பத்தில் கிட்டத்தட்டப் பாதி அங்கேதான் நடக்கிறது. சாதாரணமாக ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 44 பாகை போகும். தலைவலி உள்ள பக்கம் 32, 33 பாகைக்குக் கீழே நின்றுவிட்டால் மேல் கழுத்து மூட்டில் பிரச்சினை இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். இதுவும் கல்லில் எழுதிய தீர்ப்பு அல்ல, மைக்ரேன் உள்ள சிலருக்கும் குறையும். தயவுசெய்து வீட்டில் யாரையாவது பிடித்துத் திருப்பச் சொல்லாதீர்கள்.

உறுதியான நிரூபணம் வேண்டுமென்றால், சந்தேகப்படும் மூட்டுக்குப் போகும் சிறு நரம்பை எக்ஸ்ரே வழிகாட்டுதலோடு மரக்கச் செய்து தலைவலி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வலிச் சிகிச்சை நிபுணர் செய்வது அது. பின்மண்டை நரம்பில் போடும் சாதாரண ஊசியை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது மைக்ரேனையும் குறைக்கும், கொத்துத் தலைவலியையும் (கிளஸ்டர் தலைவலி என்ற வேறொரு வகை) குறைக்கும். அதனால் ஊசி போட்டதும் வலி குறைந்தது என்பது கழுத்தின் மேல் குற்றத்தை நிரூபிக்காது.

நீங்கள் எழுதியதை இந்த அளவுகோல்களில் வைத்துப் பார்த்தால், வாந்தியும் இருட்டறையும் என்னை மைக்ரேன் பக்கம் சாய்க்கின்றன. எப்போதும் வலது பக்கம், பிடரியிலிருந்து முன்னால் வருவது என்பவை கழுத்தைக் கொஞ்சம் உள்ளே இழுக்கின்றன. இரண்டும் ஒரே ஆளுக்கு இருப்பது அபூர்வமே இல்லை. அப்படியிருந்தால் உங்கள் இரண்டு மருத்துவர்களும் ஆளுக்குப் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். இது என் கணிப்புதான், தீர்ப்பு அல்ல.

சிகிச்சையில் எது நிற்கும் எது நிற்காது என்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன. கழுத்துத் தலைவலி உள்ள 200 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், கையால் மூட்டுகளை அசைத்துச் செய்யும் சிகிச்சையும், பளு குறைந்த கழுத்துப் பயிற்சியும் ஆறு வாரம் கொடுத்தார்கள். இரண்டுமே தலைவலியைக் குறைத்தன, அந்தப் பலன் 12 மாதம் கழித்தும் நின்றது. அந்தப் பயிற்சி பார்க்க ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். மல்லாந்து படுத்து, தலையைத் தரையிலிருந்து தூக்காமல், மெதுவாக "ஆமாம்" என்று தலையசைப்பது போல முகவாயைக் கொஞ்சம் உள்ளே கொண்டுவந்து 10 நொடி நிறுத்துவது. அப்படி 10 முறை. கழுத்தின் முன்பக்கத்தில் புடைத்துக்கொள்ளும் பெரிய தசை கிளம்பாமல், உள்ளே எலும்பை ஒட்டியிருக்கும் தசைகள் மட்டும் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். வேகமாகவும் பலமாகவும் செய்கிறவர்களுக்குப் பலன் கிடைப்பதில்லை, வலிதான் கூடும். முதல் சில நாட்கள் ஒரு பிசியோதெரபிஸ்ட் பக்கத்திலிருந்து திருத்தினால் நல்லது. தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

மைக்ரேனுக்குக் கழுத்தை நெட்டி முறிக்கும் சிகிச்சை பற்றி நான் அவ்வளவு நம்பிக்கையோடு பேசமாட்டேன். நார்வேயில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், உண்மையான கழுத்து முறிப்புக்கும் பொய்யாகச் செய்த முறிப்புக்கும் பலனில் வித்தியாசம் தெரியவில்லை. மேல் கழுத்தை வெடுக்கென்று முறிப்பதற்கும் தமனிக் கிழிசலுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல பதிவுகள் உண்டு. முறித்ததால் கிழிந்ததா, ஏற்கெனவே கிழிந்து வலித்ததால்தான் அவர் முறிக்கப் போனாரா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. எப்படியானாலும் மெதுவான அசைவிலேயே கிடைக்கிற பலனுக்காக அந்த ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை என்பது என் நிலைப்பாடு. நானும் அதைச் செய்வதில்லை. முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய்) உள்ளவர்களுக்கு முதல் இரண்டு கழுத்து எலும்புகளின் பிணைப்பு தளர்ந்திருக்கக்கூடும் என்பதால் அவர்கள் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். கழுத்துப் பட்டையை மாதக்கணக்கில் போட்டுக்கொள்வதும் வேண்டாம், தசை இன்னும் பலவீனமாகும். தலையணையை மாற்றுவது, திரையை உயர்த்தி வைப்பது எல்லாம் செய்து பாருங்கள், தீங்கில்லை. அவற்றால் மட்டும் கடும் தலைவலி தீர்ந்து நான் பார்த்ததில்லை.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன்: மாதத்தில் எத்தனை நாள் வலி மாத்திரை போடுகிறீர்கள்? பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவற்றை மாதத்துக்கு 15 நாளோ அதற்கு மேலோ, மைக்ரேன் வலிக்குப் போடும் டிரிப்டான் வகை மருந்துகளையோ பல மருந்துகள் கலந்த வலி மாத்திரைகளையோ 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் மேலாகத் தொடர்ந்து போட்டால் அந்த மாத்திரையே தலைவலியை நீட்டிக்கும். அப்படி இருந்தால் கழுத்துக்கு என்ன வைத்தியம் செய்தாலும் பிடிக்காது. மருத்துவரின் மேற்பார்வையில் அதை முதலில் குறைத்தாக வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கு வருகிறேன். சி5-சி6 டிஸ்க் ஆறாவது நரம்பை நெருக்கினால் வலி கை வழியாக இறங்கிக் கட்டைவிரல் பக்கம் போகும், அங்கே மரத்துப்போகும், முழங்கையை மடக்கும் பலம் குறையும். அது நாளுக்கு நாள் மோசமானாலோ தண்டுவடமே நெருக்கப்பட்டாலோ அறுவைக்கு நியாயம் இருக்கிறது. உங்களுக்குக் கையில் வலியோ மரத்துப்போவதோ எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் யாராவது அறுவை சிகிச்சையைப் பரிந்துரைத்தால், "இது என்னுடைய எந்தத் தொந்தரவைச் சரிசெய்வதற்கு?" என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் "தலைவலி" என்று மட்டும் இருந்தால் இன்னொரு நிபுணரின் கருத்தைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

அடுத்த ஒரு மாதத்துக்கு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்: வலி வந்த நாள், எந்தப் பக்கம், கழுத்து முதலில் இறுகியதா தலை முதலில் வலித்ததா, குமட்டல் இருந்ததா, முந்தைய இரவுத் தூக்கம், போட்ட மாத்திரை. அதை எடுத்துக்கொண்டு முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மைக்ரேன் என்று அவர் முடிவு செய்தால் அது வராமல் தடுக்கும் மருந்தைத் தொடங்குங்கள், கூடவே கழுத்துப் பயிற்சியையும் செய்யலாம், இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. ஆறு வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் நோட்டில் வலி நாட்கள் குறையவில்லை என்றால், கழுத்துச் சிகிச்சையை இழுத்துக்கொண்டே போகாமல் அதே நரம்பியல் மருத்துவரிடம் திரும்பிப் போங்கள்.